வரையாமல் விட்டது

ஈரமான ஆயில் பெயின்டிங்கைக் கையில் வைத்துக்கொண்டு தாம்பரம் – பீச் மின்சார ரயிலில் பயணம் செய்திருக்கிறீர்களா?

நான் செய்திருக்கிறேன். 2000-லிருந்து மூன்று வருடங்கள், அநேகமாக எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும். உலகத்திலேயே சிரமமான லக்கேஜ் அதுதான். மடிக்க முடியாது. சாய்க்க முடியாது. மேலே ராக்கில் போட முடியாது. கூட்டம் ஏறினால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாமி ஊர்வலத்தில் குடை பிடிப்பவர் மாதிரி நிற்க வேண்டும்.

ஒரு முறை பல்லாவரத்தில் ஏறிய ஒருவர், நெரிசலில் என் படத்தின் மேலேயே சாய்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டை. அவர் நிமிர்ந்தபோது என் ஏரிக்கரையில் பாதி அவர் முதுகில் இருந்தது. சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வாய் வரவில்லை. அவர் பாட்டுக்கு சைதாப்பேட்டையில் இறங்கி நடந்துபோனார். அவர் பின்னாலேயே என்னுடைய இரண்டு பனைமரங்களும் போயின.

அடுத்த வாரம் இதைச் சொன்னபோது பேனர் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பையிலிருந்து நாலு கார்க் துண்டுகளை எடுத்தார். வரைந்த கேன்வாஸையும் ஒரு காலி கேன்வாஸையும் முகத்துக்கு முகம் வைத்து, நாலு மூலையிலும் கார்க் கொடுத்து, சணல் கயிற்றால் கட்டினார்.

“இப்போ எவன் சாஞ்சாலும் உன் மரம் உன்கிட்டயே இருக்கும் தம்பி.”

வாட்டர் கலர் என்றால் தண்ணீர் ஆவியானதும் காய்ந்துவிடும். ஆயில் அப்படி இல்லை. அதில் இருக்கும் லின்சீட் ஆயில், நம் ஊர் வார்த்தையில் ஆளி விதை எண்ணெய், ஆவியாகாது. காற்றில் இருக்கும் ஆக்சிஜனை மெள்ள மெள்ள வாங்கிக்கொண்டு இறுகும். தொட்டால் ஒட்டாமல் இருக்கவே சில நாட்கள் ஆகும். கனமாக அப்பினால் உள்ளே மாதக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். அதைத்தான் நாங்கள் வெயிலிலும் காற்றிலும் தூக்கிக்கொண்டு அலைந்தோம்.

நாங்கள் நாலு பேர். பெரியமேடு ஓவியக் கல்லூரியில் படித்து, கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். ஒரு வங்கி கேஷியர். கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான். நாலாவது ஆள் பேனர் அண்ணன். சினிமா பேனர் வரைகிறவர். மவுன்ட் ரோட்டில் நீங்கள் அண்ணாந்து பார்த்த முப்பதடி, நாற்பதடி கட்-அவுட்களில் சில அவர் கை பட்டவை. சின்ன ஸ்டில்லில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் துணியில் பெரிதாகப் போட்டு, கலர் பவுடரை லின்சீட் ஆயிலில் குழைத்து, சாரத்தில் நின்றுகொண்டு ஹீரோவின் மூக்கை மட்டும் ஒரு ஆள் உயரத்துக்கு வரைவார்.

ஞாயிறு விடியற்காலை ஐந்தே முக்காலுக்குக் கிண்டி ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் கூடுவோம். ஒரு வாரம் காசிமேட்டுப் படகுகள். ஒரு வாரம் முட்டுக்காடு காயல். ஒரு வாரம் திருநீர்மலை அடிவாரம். ஒரு வாரம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம்.

வெளியில் உட்கார்ந்து வரைவது என்றதும் மரத்தடி, குயில் சத்தம், இளங்காற்று என்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள். குயில் கூவும்தான். ஆனால், காற்று அடித்தால் ஸ்டாண்டில் இருக்கும் கேன்வாஸ் பாய்மரம் மாதிரி விரிந்து சாயும். அதற்காக ஸ்டாண்டின் நடுவில் ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிடுவோம். வெயில் நேராக விழுந்தால் வெள்ளைத் துணி கண்ணைக் கூசும். அந்தக் கூச்சத்தில் வண்ணத்தை அளவுக்கு மேல் இருட்டாகப் போட்டு, வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் அமாவாசை மாதிரி இருக்கும். ஆறேகாலுக்கு ஆரம்பித்தால் எட்டரை வரைதான் கணக்கு. அதற்கு மேல் நிழல் எல்லாம் சுருங்கிக் காலடிக்குள் போய்விடும். நாம் வரைய உட்கார்ந்த இடமே அங்கே இருக்காது.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் பச்சை. ட்யூபைப் பிதுக்கினால் வரும் பச்சை, எந்த மரத்திலும் இல்லாத பச்சை. அதில் கொஞ்சம் காவி மஞ்சள், ஒரு சொட்டு சிவப்பு என்று சேர்த்து அதன் திமிரை அடக்க வேண்டும். “பச்சையைச் சிவப்பாலதான் அடக்கணும்” என்பார் மாஸ்டர். தண்ணீர் பற்றி அவர் சொல்லிக் கொடுத்ததும் மறக்கவில்லை. வானத்தைவிடத் தண்ணீரில் தெரிகிற வானம் ஒரு படி இருட்டாக இருக்கும். மரத்தைவிடத் தண்ணீரில் தெரிகிற மரம் ஒரு படி வெளுப்பாக இருக்கும். அடுத்த முறை ஏதாவது குளத்துப் பக்கம் போனால், கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு பாருங்கள்.

அப்புறம் பூச்சிகள். படம் மாட்டும் ஸ்டாண்டுக்கு ஆங்கிலத்தில் ஈஸல் என்று பெயர். மழை முடிந்த ஒரு காலையில் புற்றிலிருந்து கிளம்பிய ஈசல்கள் கேஷியரின் வானத்தில் நூறு நூறாக ஒட்டிக்கொண்டன. “பேரைக் கேட்டதும் சொந்தக்காரன்னு நெனச்சு வந்துடுச்சு சார்” என்றார் அவர்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. வான்கோ 1889-ல் வரைந்த ஆலிவ் மரங்கள் ஓவியம் ஒன்று அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி நெல்சன்-அட்கின்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. 2017-ல் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது, வண்ணத்துக்குள் ஒரு குட்டி வெட்டுக்கிளி செத்து ஒட்டியிருந்தது தெரியவந்தது. 128 வருடங்கள் யார் கண்ணிலும் படாமல் அங்கேயே இருந்திருக்கிறது. மோனே 1870-ல் த்ரூவில் கடற்கரையில் வரைந்த ஒரு படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அந்த வண்ணத்தில் கடற்கரை மணலே கலந்திருக்கிறது.

இப்படி வெளியே கிளம்பிப் போய் வரைவதற்கு வழி செய்தது ஒரு தகர ட்யூப். அதற்கு முன்பு குழைத்த வண்ணத்தைப் பன்றியின் மூத்திரப்பையில் கட்டி வைப்பார்கள். ஊசியால் குத்திப் பிதுக்க வேண்டும். மறுபடி சரியாக மூட முடியாது. 1841-ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர், பிதுக்கி எடுத்து மூடி போட்டு வைக்கிற உலோக ட்யூபைக் கண்டுபிடித்தார். இன்று நாம் பல் துலக்கும் பேஸ்ட் ட்யூபுக்கு அதுதான் அண்ணன். அதன் பிறகு வண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறலாம் என்றானது.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. வரையும்போது அடுத்தவர் படத்தை எட்டிப் பார்க்கக் கூடாது. எட்டரை மணிக்கு எல்லோரும் பிரஷ்ஷைக் கீழே வைத்த பிறகு, நாலு படங்களையும் ஒரு சுவரிலோ மரத்திலோ வரிசையாகச் சாய்த்து வைப்போம். கரையோரம் இட்லி விற்கும் ஆயாவிடம் ஆளுக்கு நாலு இட்லி வாங்கிக்கொண்டு அதன் எதிரில் உட்காருவோம்.

அந்த நேரத்துக்காகத்தான் நான் போனேன் என்று இப்போது தோன்றுகிறது. ஒரே இடம், ஒரே இரண்டு மணி நேரம், பத்தடி தூரத்தில் நாலு பேர். ஆனால், நாலு ஏரி. மாஸ்டரின் ஏரியில் எல்லாம் அளவோடு இருக்கும். கேஷியரின் ஏரியில் வானம்தான் முக்கால்வாசி. என் ஏரி எப்போதும் கொஞ்சம் காலண்டர் மாதிரி இருக்கும். பேனர் அண்ணனின் ஏரியில் ஆட்கள் இருப்பார்கள். வலை உதறுகிறவர், துணி துவைக்கிறவர், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நடக்கும் பள்ளிக்கூடப் பெண்.

1869-ல் பாரீஸ் பக்கத்தில் ஸேன் நதிக்கரையில் ‘லா கிரனூயேர்’ என்ற இடத்தில் மோனேயும் ரெனுவாரும் இப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வந்து குளித்து, படகு விட்டு, சாப்பிட்டுப் போகும் இடம் அது. இருவருக்கும் 28 வயது. கையில் காசு இல்லை. ரெனுவார் தன் வீட்டிலிருந்து கொண்டுவரும் ரொட்டியில் மோனே குடும்பம் பசியாறிய காலம். இருவர் படத்திலும் அதே சின்னத் தீவு, அதே ஒற்றை மரம், அதே படகுகள். ஆனால், மோனே தண்ணீரைப் பார்த்திருக்கிறார். ரெனுவார் மனிதர்களை, அவர்கள் போட்டிருந்த உடைகளைப் பார்த்திருக்கிறார். இன்று மோனேயின் படம் ஒன்று நியூயார்க்கிலும் ரெனுவாரின் படம் ஒன்று ஸ்டாக்ஹோமிலும் தொங்குகின்றன. தோளோடு தோள் உட்கார்ந்து வரைந்த படங்களுக்கு நடுவே இப்போது ஒரு சமுத்திரம் கிடக்கிறது.

எங்களுக்கு நடுவிலும் ஒரு நாள் அப்படி ஆனது.

2002 பிப்ரவரி. சென்னைக்குத் தெற்கே புறநகரில் ஒரு ஏரி. பெயர் வேண்டாம். அந்தப் பக்கம் இருப்பவர்கள் அவரவர் ஏரியை நினைத்துக்கொண்டால் போதும். தண்ணீர் ஓரங்களில் வற்றிக் கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. இடது பக்கம் சின்னக் குன்று. நடுவில் வரிசையாகப் பனைகள். எதிர்க் கரையில் நாரைகள். சரியாக நடுவில், தண்ணீரில் கால் ஊன்றி ஒரு கரன்ட் டவர் நின்றது. பின்னால் யாரோ குப்பை கொளுத்திய புகை.

டவரை விட்டுவிட்டேன். புகையையும் விட்டுவிட்டேன். டவர் இருந்த இடத்தில் இன்னொரு பனைமரம் வைத்தேன். நாரைகளை ஏழெட்டு அதிகமாகப் போட்டேன். நன்றாக வந்தது. அதுவரை நான் வரைந்ததிலேயே நன்றாக வந்தது அதுதான்.

வரிசையாக வைத்தபோது எல்லோரும் என் படத்தைத்தான் பார்த்தார்கள். அப்புறம் பேனர் அண்ணனின் படம். அதில் டவர் இருந்தது. கம்பிகள் இருந்தன. புகை இருந்தது. முன்னால், ஆழமில்லாத தண்ணீரில், சின்னச் சின்னதாக வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாக நின்றன. தலையில் மஞ்சள் பெயின்ட்.

“என்னண்ணே இது?”

“கல்லு.”

“எங்க இருக்கு?”

“முன்னாடியே இருக்கு தம்பி. அதுக்கு நடுவுலதான ஸ்டாண்டைப் போட்டுருக்க.”

திரும்பிப் பார்த்தேன். இருந்தது. என் ஸ்டாண்டின் ஒரு கால் ஒரு கல்லில் முட்டுக்கொடுத்து நின்றது. இரண்டு மணி நேரமாக அது என் கண்ணில் படவில்லை. அந்தக் கூச்சமாக இருக்கலாம், என் படம் நன்றாக வந்துவிட்ட திமிராக இருக்கலாம். நான் சொன்னேன்:

“அண்ணே, இது பெயின்டிங்கா, தாலுகா ஆபீஸ் சர்வே படமா?”

மாஸ்டர் சிரித்தார். கேஷியர் சிரித்தார். நானும் என் ஜோக்குக்கு நானே சிரித்தேன்.

பேனர் அண்ணன் சிரிக்கவில்லை. மண்ணெண்ணெயில் பிரஷ்ஷை அலசிக்கொண்டே சொன்னார். “வாரம் பூரா மூஞ்சில இல்லாத ரோஸ் கலரை அடிக்கிறேன் தம்பி. தொப்பையைக் கரைக்கிறேன். வயசைக் கொறைக்கிறேன். அது சோத்துக்கு. ஒரு நாள், இந்த ஒரே ஒரு நாள், இருக்கிறதை இருக்கிற மாதிரி வரைஞ்சுக்கறேனே. அதுவும் தப்பா?”

யாரும் பேசவில்லை. அவர் படத்தைக் கார்க் வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இட்லிக்கான காசை ஆயாவிடம் தனியாகக் கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் அதிகமாகச் சுட்டது.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். நான் போய்ப் பார்த்திருக்க வேண்டும். வெள்ளைச் சட்டைக்காரரிடம் சொல்லாமல் விட்ட மாதிரியே இதையும் விட்டேன். அதற்குள் ஊரெல்லாம் ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. ஒரு மாதம் நாலு பேர் சாரம் கட்டி வரைவதை மெஷின் சில மணி நேரத்தில் துப்பியது. பேனர் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. அண்ணன் இடத்தைக் காலி செய்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். கேஷியருக்குத் திருச்சிக்கு மாற்றலானது. மாஸ்டருக்குக் கண்ணில் புரை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மற்றவர்களைப் போல டி.வி. பார்க்க ஆரம்பித்தேன்.

என்னுடைய ஏரிப் படத்தை 2007-ல் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் பரிசாகக் கொடுத்தேன். அலுவலக நண்பர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். தரைத்தளத்தில் டபுள் பெட்ரூம். இருபது வருட லோன். புதிதாகப் போட்ட ரோடு வழியாக ஆட்டோவில் போய் இறங்கினேன். எது எந்தப் பக்கம் என்று தெரியாத அளவுக்குக் கட்டடங்கள். பக்கத்தில் டவர் இருந்ததைப் பார்த்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை. டவரைப் பார்க்காமல் இருக்க அதற்குள் நன்றாகப் பழகியிருந்தேன். படத்தை அவர்கள் ஹாலில், சோபாவுக்கு மேலே மாட்டினார்கள். “எங்க சார் இருக்கு இவ்ளோ அழகான எடம்?” என்று அவர் மனைவி கேட்டார். “இங்கதாம்மா, சென்னையிலதான். இப்போ இருக்கோ என்னவோ” என்று சொல்லிவிட்டு பாயசத்தைக் குடித்தேன்.

2015 டிசம்பர் முதல் வாரம் சென்னைக்கு என்ன ஆனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலாம் நாள் ரொட்டி பாக்கெட்டும் தண்ணீர் கேனும் எடுத்துக்கொண்டு அந்த நண்பரைத் தேடிப் போனேன். ரோடு இருந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர். காம்பவுண்டுச் சுவர்கள், கார்கள், கடைகளின் கீழ்ப்பாதி எல்லாம் உள்ளே போயிருந்தன. சின்னதாக இருந்த எல்லாவற்றையும் தண்ணீர் அழித்துவிட்ட பிறகு, பெரிதாக இருந்தவை மட்டும் மிச்சம் இருந்தன. இடது பக்கம் சின்னக் குன்று. மூன்று நாலு மொட்டைப் பனைகள். நடுவில், தண்ணீரில் கால் ஊன்றிய ஒரு கரன்ட் டவர்.

அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு அந்த இடம் தெரியும்.

தண்ணீர் வடிந்த பிறகு, வீட்டைக் கழுவிவிட மறுபடி போனேன். மாடி வீட்டில் தங்கியிருந்த நண்பரும் இறங்கி வந்தார். சோபா ஊறிப்போய்க் கிடந்தது. சுவரில் என் படம் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் அதன் பாதி வரை ஏறி, சேற்றுக் கோடு ஒன்றைப் போட்டுவிட்டு இறங்கியிருந்தது. நண்பர் ஈரத்துணியால் துடைத்தார். இறுகிப்போன ஆயில் வண்ணம், ஒன்றும் ஆகவில்லை. பின்பக்கத் துணிதான் பூஞ்சை பிடித்திருந்தது.

மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். “இந்தப் படத்தை இங்கதான் நின்னு வரைஞ்சேன்.”

அவருக்குப் புரியவில்லை. வாசலுக்குக் கூட்டிப்போய்க் குன்றைக் காட்டினேன். பனைகளைக் காட்டினேன். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெளியேயும் அதிலேயும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“அப்போ நாங்க குடியிருக்கிறது உங்க படத்துக்குள்ளயா சார்?”

“ம்.”

“இதுல தண்ணி இருக்கிற எடத்துல?”

“ம்.”

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். “அந்த டவர் அப்போ இல்லையா?”

“இருந்துச்சு.”

“ஏன் சார் வரையல? எட்டு வருஷமா தெனமும் காலையில வாசல்ல நின்னா அந்த டவரைத்தான் பாக்கறேன். உள்ள வந்து உக்காந்தா இந்தப் படத்தைப் பாக்கறேன். ரெண்டும் ஒரே எடம்னு எனக்குத் தோணவே இல்லையே.”

என்னிடம் பதில் இல்லை. அவர் என் படத்தைப் பார்த்து வீடு வாங்கவில்லை. அவர் வாங்கிய பிறகுதான் நான் கொடுத்தேன். பத்திரம், பிளான், பேங்க் லோன் எல்லாம் பார்த்துத்தான் வாங்கினார். என் படத்தில் ஒரு டவர் இருந்திருந்தால் மழை ஒரு சொட்டுகூடக் குறைந்திருக்காது. இதையெல்லாம் எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன். ஆனாலும், அந்த ஏரி ஏரியாக இருந்த கடைசிக் காலத்தில் நாலு பேர் அதன் எதிரில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் உற்றுப் பார்த்தோம். அதன் கழுத்தில் கட்டியிருந்த கற்களை ஒருவர்தான் பார்த்தார். அவரைப் பார்த்து மூன்று பேர் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து, புத்தகத்தில் மோனேயின் ‘இம்ப்ரெஷன், சன்ரைஸ்’ படத்தை எடுத்துப் பார்த்தேன். லெ ஹாவ்ர் துறைமுகத்தின் விடியற்காலை. 1874-ல் பாரீஸில் கண்காட்சியில் வைக்கப்பட்டு, இம்ப்ரெஷனிசம் என்ற பெயரே பிறக்கக் காரணமான படம். ஆரஞ்சு நிறச் சூரியன், தண்ணீரில் அதன் கோடு, ஒரு சின்னப் படகு. இவ்வளவுதான் எனக்கு எப்போதும் ஞாபகம் இருக்கும். அன்றைக்கு உற்றுப் பார்த்தேன். பின்னால் பனிமூட்டத்தில் பளு தூக்கும் கிரேன்கள் நின்றன. ஆலையின் புகைபோக்கிகள் புகை விட்டுக்கொண்டிருந்தன. மோனே எதையும் எடுத்துவிடவில்லை. இத்தனை வருடங்களாக நான்தான் எடுத்துவிட்டுப் பார்த்திருக்கிறேன்.

பேனர் அண்ணனைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. பழைய பேனர் கம்பெனி ஆட்களிடம் விசாரித்து, ரெட்ஹில்ஸ் பக்கம் ஒரு ஓட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கும்பாபிஷேகத்துக்குக் கோயில் பொம்மைகளுக்கு வர்ணம் அடிக்கும் வேலை செய்துகொண்டிருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கோபமோ ஆச்சர்யமோ எதுவும் காட்டாமல், “வா தம்பி, டீ சாப்பிடறியா?” என்றார். பதின்மூன்று வருடம் கழித்து, போன வாரம் பார்த்த மாதிரி.

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே எழுந்து போய், பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு படத்தை இழுத்துத் துடைத்துக் கொண்டுவந்தார். டவர். கம்பி. புகை. கற்கள். உட்கார்ந்து எண்ணினேன். பதினாலு கற்கள்.

“உங்களுக்கு அப்பவே தெரியுமாண்ணே, பிளாட் போடப் போறாங்கன்னு?”

“எனக்கு என்ன தெரியும்? நான் ஒண்ணும் ஜோசியக்காரன் இல்ல. கல்லு இருந்துச்சு, வரைஞ்சேன்.” டீயை ஆற்றினார். “மஞ்சப் பெயின்ட் தண்ணியில விழுந்து ஆடுச்சு பாரு, அது நல்லா இருந்துச்சு தம்பி. அதுக்காகத்தான் வரைஞ்சேன்.”

பிறகு, குரலை மாற்றாமலே சொன்னார். “அன்னிக்கு நீ சொன்னது பெருசில்ல. மாஸ்டரும் சேர்ந்து சிரிச்சாரு பாரு, அவரு காலேஜ்ல படிச்சவரு. அப்போ நாம வரையறது படம் இல்ல போலன்னு நெனச்சுட்டேன். அதோட விட்டுட்டேன்.”

“வேற எதுவும் வரையவே இல்லையாண்ணே?”

“சாமி வரையறேனே” என்றார்.

மாஸ்டர் அதற்கு முந்தைய வருடமே இறந்துவிட்டார். அவர் சார்பாகவும் நான்தான் மன்னிப்புக் கேட்டேன். அண்ணன் கையை உதறி, “அட விடு” என்றார். கிளம்பும்போது படத்தை என் கையில் கொடுத்துவிட்டார். இப்போது அது என் வீட்டு ஹாலில் இருக்கிறது. வருகிறவர்கள் யாரும் அழகாக இருக்கிறது என்று சொல்வதில்லை. “இது எந்த இடம்?” என்று கேட்கிறார்கள். நான் சொல்கிறேன்.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு நானும் அவரும் கிளம்புகிறோம். தூரமெல்லாம் போவதில்லை. அவருக்குக் கை லேசாக நடுங்குகிறது. பெரிய பிரஷ்ஷாக எடுத்துக்கொள்கிறார். போன மாதம் ரெட்ஹில்ஸ் பக்கத்திலேயே ஒரு குளக்கரை. நான் உஷாராக முதலில் டிரான்ஸ்ஃபார்மரை வரைந்தேன். அப்புறம் பிளாஸ்டிக் குடங்கள், கட்சிக் கொடிக் கம்பம், கரையில் கிழிந்து தொங்கிய ஃப்ளெக்ஸ் என்று ஒன்று விடாமல் வரைந்துவிட்டு, கடைசியில்தான் தண்ணீருக்கு வந்தேன்.

எட்டரை மணிக்கு இரண்டு படங்களையும் சுவரில் சாய்த்து வைத்தோம். அண்ணன் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு என் படத்தையே பார்த்தார். பாராட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

“எல்லாம் சரி தம்பி” என்றார். “அந்த நாயி எங்க?”

திரும்பிப் பார்த்தேன். என் ஸ்டாண்டுக்கு நாலடி முன்னால் ஒரு செவலை நாய், காலையிலிருந்து அங்கேயே சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.